கையெழுத்துப் போடாதவள்

என் அண்ணன் மகள் இன்று பயணிகள் விமானம் ஓட்டுகிறாள். அவள் விமானியாகக் கூடாது என்று நினைத்தவர்களில் முதல் ஆள் நான்தான். நினைத்ததோடு நிற்காமல் தடுத்தேன். தடுத்ததற்குப் பொய்யான காரணம் சொன்னேன். அவள் தன் பாட்டில் போராடி ஜெயித்து வந்த பிறகு, அந்த வெற்றியில் எனக்கும் பங்கு உண்டு என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்த மூன்றையும் என் கையாலேயே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பெண் விமானிகளைப் பற்றி நாம் சொல்லும் கதைகளில் தடுத்தவர்களுக்குப் பெயர் இருப்பதில்லை. பிரேம் மாத்தூர் என்ற பெண் 1947இல் விமானி உரிமம் வாங்கினார். எட்டு விமான நிறுவனங்கள் அவரை வேண்டாம் என்றன. பெண் ஓட்டுகிறாள் என்றால் பயணிகள் பயப்படுவார்கள் என்பது அவர்களுக்குக் கிடைத்த காரணம். கடைசியில் ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் அவரை எடுத்துக்கொண்டது. இந்தியன் ஏர்லைன்ஸின் முதல் பெண் விமானியான துர்பா பானர்ஜியிடம், விமானப் பணிப்பெண்ணாகச் சேரலாமே என்று சொல்லிப் பார்த்தார்கள். இந்த இரண்டு பெண்களின் பெயரும் பொது அறிவுப் புத்தகங்களில் இருக்கிறது. அந்த எட்டு நிறுவனங்களில் உட்கார்ந்து வேண்டாம் என்றவர்கள் யார்? அவர்களும் வீட்டில் மகள்களை வைத்திருந்தவர்களாக, அக்கறையோடு பேசுகிறவர்களாக, தாங்கள் நியாயமாக நடந்ததாக நம்பியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். ‘சமூகம் தடுத்தது’ என்று ஒரு வரி எழுதி நாம் அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். எங்கள் வீட்டில் அந்தச் சமூகம் நான்தான்.

நான் பிறந்தது மும்பை தாராவியில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தோல் பதனிடும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். பள்ளி முடித்ததும் என்னைக் கல்லூரியில் சேர்க்கப் போகிறார் என்று தெரிந்தபோது, எங்கள் சந்தில் இருந்த ஊர்க்காரர்களே அவரை நிறுத்தி வைத்துப் பேசினார்கள். “பொட்டப்புள்ள படிச்சு யாருக்கு லாபம்? ஊருக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு கல்யாணத்தப் பண்ணி வையும்” என்றார்கள். அப்பாவுக்குத் தன் பெயரைத் தமிழில் எழுத மட்டும் தெரியும். கல்லூரிப் படிவத்தில் காட்டிய இடத்தில் அந்தப் பெயரை எழுதினார். அந்த ஒரு கையெழுத்தில்தான் நான் பட்டம் வாங்கினேன், வங்கித் தேர்வு எழுதினேன், குமாஸ்தாவாகச் சேர்ந்து அதிகாரியானேன். கல்யாணத்துக்குப் பிறகு மாட்டுங்காவுக்குக் குடி வந்தேன். அப்பாவும் அண்ணனும் சேர்ந்து சம்பாதித்த பணத்தில் செம்பூர் திலக் நகரில் ஒரு வீடு வாங்கினார்கள். அப்பா இறந்த பிறகு அந்த வீடு அண்ணன் பெயருக்கும் என் பெயருக்கும் வந்தது. அண்ணன் குடும்பம் அங்கே இருந்தது. எனக்கு அதில் பெயர் மட்டும்தான்.

அண்ணன் மகள் எனக்கு மருமகள் முறை. சின்ன வயதிலிருந்தே விமானத்தின் மேல் அவளுக்கு ஒரு கண். செம்பூரில் வளரும் பிள்ளைகள் எல்லோருக்கும் தலைக்கு மேல் விமானம் இறங்குவது பழகிப்போன காட்சி. இவள் மட்டும் அது எந்த ரகம், எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலிலும் கணிதத்திலும் நல்ல மதிப்பெண் எடுத்தாள். விமானிப் படிப்புக்கு அப்போது அந்த இரண்டு பாடங்களும் கட்டாயமாக இருந்தன. மருத்துவச் சோதனையும் தேறினாள். பயிற்சிப் பள்ளி ஒன்றில் இடமும் கிடைத்தது. மீதி இருந்தது பணம்.

200 மணி நேரம் பறந்தால்தான் வணிக விமானி உரிமம். அந்த மணிகளுக்கு அப்போது ஆன செலவு 40, 50 லட்சம். உரிமம் வாங்கிய பிறகு ஏர்பஸ், போயிங் போன்ற பெரிய விமானத்துக்குத் தனிப் பயிற்சி எடுக்க வேண்டும், அதற்கும் பல லட்சம். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி சொத்தை அடமானம் கேட்கும். அண்ணனிடம் இருந்த ஒரே சொத்து அந்த வீடு. அதில் பாதி என் பெயரில். ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதங்களை எடுத்துக்கொண்டு மாட்டுங்காவுக்கு வந்தார்.

“ஏட்டி, இதுல நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். மத்தத நான் பாத்துக்கிடுதேன்” என்றார்.

நான் அவரை உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். உரிமம் வாங்கியும் வேலை கிடைக்காத பிள்ளைகள் நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்றேன். 2012இல் கிங்ஃபிஷர் விமான நிறுவனம் நின்றதைச் சொன்னேன். வட்டி ஏறிக்கொண்டே போகும், மாதத் தவணை கட்ட உங்கள் சம்பளம் போதாது, கடைசியில் அப்பா விட்டுப்போன வீடு ஏலத்துக்கு வரும் என்றேன். “இத்தனை வருஷம் லோன் டிபார்ட்மென்ட்ல இருந்தவ சொல்லுதேன். இது வேண்டாம்ணே” என்று முடித்தேன். நான் சொன்ன தகவல்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் நான் மறுத்தது அவற்றுக்காக இல்லை.

அவள் பிறந்தபோதே என் மனதில் ஒன்றை முடிவு செய்து வைத்திருந்தேன். என் மகனுக்கு அவள் முறைப்பெண். எங்கள் பக்கத்தில் அத்தை மகனுக்கு இருக்கும் உரிமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மதினியிடம் அதைச் சாடைமாடையாகச் சொல்லியும் வைத்திருந்தேன். விமானியாகப் போகிறவள் என் வீட்டுக்கு மருமகளாக வந்து அடங்கி இருப்பாளா என்ற கேள்வி எனக்கு இருந்தது. இன்றைக்கு டெல்லி, நாளைக்கு கொல்கத்தா, ராத்திரி ஏதோ ஒரு ஓட்டல், கூடவே வேற்று ஆண்கள் என்று என் புத்தி போனது. என் மகனைவிட அவள் அதிகம் சம்பாதிப்பாள் என்பதையும் நினைத்தேன். கல்யாணமானால் அந்தக் கடன் என் வீட்டுக்கு வரும் என்றும் நினைத்தேன். இவ்வளவையும் ஒரு நிமிடத்தில் நினைத்துவிட்டு, அண்ணனிடம் வட்டி விகிதம் பேசினேன்.

இதில் எனக்கு மிகவும் வலிப்பது வேறொன்று. என் மகன் வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போனபோது, ஜாமீன் கையெழுத்துப் போட்டது அண்ணன்தான். அவர் அந்தப் படிவத்தைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. “எங்கே போடணும்னு சொல்லு” என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு நான் அவரிடம் எந்த அபாயக் கணக்கையும் காட்டவில்லை.

அண்ணன் மகளுக்குக் கையெழுத்துப் போட நான் மறுத்தது 2017இல். அதே ஆண்டு ஜூலையில்தான், மாட்டுங்கா ரயில் நிலையத்தை முழுக்கப் பெண்களே நடத்தத் தொடங்கினார்கள். டிக்கெட் கவுன்டர், அறிவிப்பு, பரிசோதகர், பாதுகாப்புக் காவலர், நிலைய மேலாளர் வரை எல்லோரும் பெண்கள். நாட்டில் அப்படி நடந்த முதல் புறநகர் நிலையம் அது, லிம்கா சாதனைப் புத்தகத்திலும் ஏறியது. அப்போது தினமும் அங்கே இறங்கி ஏறியவள் நான். அந்தப் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது. எங்கள் கிளையில் மகளிர் தினத்துக்கு அதை எடுத்துச் சொல்லிப் பேசினேன். அந்தப் பெருமையும் என் மறுப்பும் ஒரே மனதில் சண்டை போடாமல் இருந்தன. பிறத்தியார் வீட்டுப் பெண் எங்கே போனாலும் நாம் கைதட்டலாம், அதில் நமக்கு எதுவும் குறைவதில்லை என்பதை இப்போதுதான் உணர்கிறேன்.

அண்ணன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் பிஎஸ்சி இயற்பியலில் சேர்ந்தாள். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றுபோனது. செய்தியைப் பார்த்ததும் நான் செய்த முதல் காரியம் அண்ணனுக்கு போன் போட்டது. “பாத்தீங்களா?” என்று கேட்டேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் பயணிகள் விமானங்கள் தரையில் நின்றன. மே கடைசி வாரம் வரை வழக்கமான உள்நாட்டுப் பயணிகள் விமானமே பறக்கவில்லை. சம்பளம் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த விமானிகளைப் பற்றி வந்த செய்திகளைத் தேடித் தேடிப் படித்தேன். எத்தனையோ குடும்பங்கள் நொடித்துப் போன நேரத்தில், நான் சொன்னது சரியாகப் போயிற்று என்று ஒரு நிம்மதி எனக்கு. ஒருத்தியின் ஆசையைத் தடுத்தவளுக்கு ஊர் முழுக்க நடந்த துன்பம் சாட்சியாகத் தேவைப்பட்டது.

2021 ஜனவரியில், கேப்டன் ஸோயா அகர்வாலும் பாபகாரி தன்மயி, ஆகாங்ஷா சோனாவரே, ஷிவானி மன்ஹாஸ் ஆகியோரும் ஏர் இந்தியாவின் போயிங் 777ஐ சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தின் மேலாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார்கள். சுமார் 16,000 கிலோமீட்டர். விமானி அறையில் இருந்த எல்லோரும் பெண்கள். அந்த வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் போட்டேன். கீழே ‘பெண் சக்தி’ என்று எழுதி, கை கூப்பும் படமும் சேர்த்தேன். எல்லோரும் பதில் போட்டார்கள். அவள் மட்டும் போடவில்லை. அதை நான் கவனித்தேன், கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அப்போது அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. விமான நிலையத்தில் பயணிகளுக்கு போர்டிங் பாஸ் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். இரவுப் பணியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பகலில் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். விமானி உரிமத்துக்கான எழுத்துத் தேர்வுகளைப் பயிற்சிப் பள்ளிக்குப் போகாமலேயே படித்து எழுதலாம். திசை காணுதல், வானிலையியல், விமானச் சட்டங்கள், விமானத் தொழில்நுட்பம் என்று ஒவ்வொன்றாக எழுதித் தேறினாள். மணிக்கு இத்தனை மைல் காற்று பக்கவாட்டில் அடித்தால் மூக்கை எவ்வளவு திருப்பி வைக்க வேண்டும் என்று கணக்குப் போடுவதை, திலக் நகர் வீட்டின் சமையலறை மேடையில் வைத்துச் செய்தாளாம். சம்பளத்தைத் தொடாமல் சேர்த்தாள். அண்ணன் தன் வைப்பு நிதியை எடுத்தார். ஊரில் இருந்த நிலத்தை விற்றார். மதினியின் கழுத்தில் தாலிக் கயிறு மட்டும் மிஞ்சியது. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாதது நியாயம்.

அவள் வெளிமாநிலத்தில் ஒரு சின்ன ஊருக்குப் போய்ப் பயிற்சி எடுத்தாள். செஸ்னா விமானத்தில் தனியாக முதல் சுற்று பறந்து இறங்கிய படத்தை அண்ணன்தான் எனக்கு அனுப்பினார். என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் அன்று முழுவதும் போனைக் கவிழ்த்து வைத்திருந்தேன். பிறகு உரிமம் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. தோளில் பட்டையோடு சீருடையில் அவள் நிற்கும் படம் வந்ததும், பதில் எழுதுவது எனக்குச் சுலபமாகிவிட்டது. ‘எங்க வீட்டுப் பிள்ளை’ என்று எழுதித் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். பூக்கடையில் சொன்னேன், கோயிலில் சொன்னேன், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள் கூட்டத்தில் சொன்னேன். ‘உங்க மாதிரி அத்தை இருந்தா ஏன் முன்னுக்கு வரமாட்டா’ என்று யாரோ சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. அதிலிருந்து அதை நானே சொல்ல ஆரம்பித்தேன்.

இது முற்றி ஒரு மேடை வரைக்கும் போனது. மாட்டுங்காவில் தமிழர்கள் நடத்திய மகளிர் தினக் கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நன்றாகத் தயார் செய்துகொண்டு போனேன். உஷா சுந்தரத்தைப் பற்றிப் பேசினேன். சென்னையில் பிறந்தவர், விமானியான வி.சுந்தரத்தை மணந்தவர், 1949இல் பெங்களூரு அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் தேறியவர், நேருவையும் படேலையும் ஏற்றிச் சென்ற விமானங்களை ஓட்டியவர். 1951இல் மதராஸ் அரசு வாங்கிய ‘டவ்’ விமானத்தை எடுத்து வரக் கணவனும் மனைவியும் இங்கிலாந்துக்குக் கப்பலில் போனார்கள். லண்டனிலிருந்து நம் பம்பாய்க்குச் சுமார் 27 மணி நேரத்தில் ஓட்டி வந்து சேர்ந்தார்கள். இந்திய விமானிகளில் சுமார் 15 சதவீதம் பெண்கள், உலக அளவில் அது ஐந்தாறு சதவீதம்தான் என்றும் சொன்னேன். எல்லாம் உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம். “உஷா அம்மாவுக்குக் கணவர் துணையாக நின்றது போல, என் மருமகளுக்குக் குடும்பமாக நாங்கள் நின்றோம்” என்றேன். மூன்றாவது வரிசையில் அண்ணனும் மதினியும் இருந்தார்கள். அண்ணன் கைதட்டினார். மதினி தன் கைகளை மடியிலிருந்து எடுக்கவில்லை.

சுந்தரம் தன் மனைவியைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தார். என் அப்பா படிக்கத் தெரியாத படிவத்தில் பெயர் எழுதினார். என் அண்ணன் என் மகனுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். இந்த ஆட்களோடு என்னையும் சேர்த்துக்கொண்டு பேசிவிட்டு வீட்டுக்கு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சில வாரங்கள் கழித்து அவள் விடுப்பில் வந்திருந்தாள். திலக் நகருக்குப் போய், அவளைத் தனியாக உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கடன், வட்டி, ஏலம் எல்லாம் நான் சொன்ன சாக்கு என்றேன். உன்னை என் மகனுக்குக் கட்டிவைக்க நினைத்தேன், அதனால்தான் கையெழுத்துப் போடவில்லை என்றேன். என் மகனுக்கு அப்படி ஒரு எண்ணமே இருந்ததில்லை. அவன் தன்னோடு படித்த பெண்ணை மணந்துகொண்டு அங்கேயே இருக்கிறான். அவனிடமும் கேட்காமல், இவளிடமும் கேட்காமல், இல்லாத ஒரு கல்யாணத்துக்காக நான் இதைச் செய்திருக்கிறேன்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வேறொன்று சொன்னாள்.

“நீங்க பேங்க்ல இருந்தவங்க அத்தை. எல்லாத்தையும் கணக்குப் போட்டுப் பாத்துட்டு, நான் தேற மாட்டேன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னுதான் நான் நெனச்சேன். ஒவ்வொரு பரீட்சை ஹால்லயும் அதுதான் ஞாபகம் வரும். கணக்கு தெரிஞ்ச ஆள் ஒருத்தங்க நம்மளப் பாத்து இது நஷ்டம்னு சொல்லிட்டாங்களேன்னு.”

இதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. பணத்தைத்தான் தடுத்தோம், அதை அவர்கள் வேறு வழியில் சமாளித்துவிட்டார்கள் என்றுதான் எனக்குள் சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். என் சுயநலத்தை மறைக்க நான் எடுத்த சாக்கு, அவளுக்கு அவளுடைய திறமையைப் பற்றிய தீர்ப்பாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. உண்மையைச் சொல்லி மறுத்திருந்தால் என்மேல் கோபம் வந்திருக்கும், தன்மேல் சந்தேகம் வந்திருக்காது.

போன காலத்தைப் பற்றியும் கேட்டேன். மழுப்பாமல் சொன்னாள். விமான நிறுவனங்களில் சேர்ந்த தேதியை வைத்து ஒரு வரிசை எண் உண்டு. கேப்டன் பதவி, எந்த விமானம், எந்தத் தடம், எந்த நாள் விடுப்பு என்று பலதும் அந்த வரிசையில்தான் நகரும். அவளோடு பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நேராகப் பயிற்சிக்குப் போனவர்கள் அவளுக்கு முன்னால் இருக்கிறார்கள். ஓய்வு பெறும் வரை முன்னால்தான் இருப்பார்கள். ஜெயித்துவிட்டாளே, இனி என்ன என்று என்னை நானே மன்னித்துக்கொள்ள முடியாது. நான் எடுத்துக்கொண்ட வருடங்களை அவள் தன் வேலைக்காலம் முழுவதும் கட்டிக்கொண்டிருப்பாள்.

“ஒண்ணு மட்டும் செய்யுங்க அத்தை. நீங்கதான் படிக்க வெச்சீங்கன்னு இனிமே யார்ட்டயும் சொல்லாதீங்க. அம்மா நகை அது” என்றாள்.

அதைச் செய்துகொண்டிருக்கிறேன். அந்த மேடையை நடத்தியவர்களிடம் போய் நான் பேசியது உண்மையில்லை என்று சொன்னேன். மதினியிடம் மன்னிப்புக் கேட்டேன். “சரி, விடுங்க” என்றார். விட்டுவிட்டாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கும் உரிமையும் எனக்கில்லை. நான் பெருமையாகச் சொன்ன அந்த 15 சதவீதத்தைப் பற்றியும் இப்போது வேறு மாதிரி யோசிக்கிறேன். அந்த எண்ணில் என் மருமகள் வந்துவிட்டாள். விற்க நிலமோ கழற்ற நகையோ இல்லாத வீட்டில், என்னைப் போல ஒருத்தி கையெழுத்துப் போட மறுத்ததும் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்ட பெண் எந்தக் கணக்கிலும் வரமாட்டாள்.

இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு முன்னால் இன்று ஒரு படிவம் இருக்கலாம். அண்ணன் மகளோ, தங்கை மகளோ, சொந்த மகளோ, விமானமோ கப்பலோ வேறு ஏதோ ஒன்றைக் கேட்டு நிற்கலாம். கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. உண்மையாகவே முடியாத வீடுகளும் உண்டு. மறுப்பதாக இருந்தால், உள்ளே இருக்கும் காரணத்தை அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லி மறுத்துவிடுங்கள். ‘என் மகனுக்கு நீ வேண்டும், அதனால் நீ பறக்கக் கூடாது’ என்று அன்றைக்கு நான் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தால், என் காதுக்கே அது கூசியிருக்கும். அந்தக் கூச்சத்திலேயே கையெழுத்துப் போட்டிருப்பேன்.